டிஎஸ்எச் கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை

தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பற்றி, "டிஎஸ்எச் 9 என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது நேர் தலைகீழ். தயவுசெய்து யாரும் இதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

டிஎஸ்எச் தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் "இன்னும் சுர" என்று பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் கூட்டும். ஹார்மோன் போதுமான அளவு வந்ததும் குறைத்துக்கொள்ளும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடுவது மாதிரிதான். மோட்டார் விடாமல் ஓடுகிறது என்றால் தொட்டி நிறையவில்லை என்று பொருள். அதனால் டிஎஸ்எச் 9 என்றால் பெரும்பாலும் தைராய்டு போதாமல் இருக்கிறது. (பிட்யூட்டரியிலேயே கோளாறு இருந்தால் கணக்கு மாறும், ஆனால் அது அபூர்வம்.)

என் அம்மாவின் ரிப்போர்ட்டிலும் டிஎஸ்எச்சுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று இருந்தது. அதைப் பார்த்து அவரும் இப்படியே நினைத்து ஒரு வாரம் மாத்திரை போடவில்லை. கீழே ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவு) குறைவாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், மாத்திரை அளவை மாற்றிய பத்தாம் நாளே டெஸ்ட் எடுத்துப் பயப்படாதீர்கள். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். பிட்யூட்டரி புது அளவுக்குப் பழக 6 முதல் 8 வாரம் வேண்டும். டாக்டர் அந்த இடைவெளி சொல்வது இதனால்தான்.