மீன் வாங்கும் முன் ஃபில்டரைத் தயார் செய்யுங்கள்

கடல் மீன் வளர்ப்பவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "குவாரன்டைன் டேங்கில் போட்டால்தான் மீன் சாகுது. நான் நேரா மெயின் டேங்கில் விட்டேன், நல்லாத்தான் இருக்கு." குவாரன்டைன் டேங்க் என்பது, புது மீனை மற்ற மீன்களோடு விடும் முன் சில வாரம் தனியாக வைத்துக் கவனிக்கும் டேங்க். இந்தப் பேச்சைக் கேட்டுப் புதிதாக வளர்க்க வருபவர்கள் தனி டேங்க் என்ற எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. குவாரன்டைனில் நிறைய மீன்கள் சாகத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது அம்மோனியா என்பதே என் கருத்து.

பலர் வீட்டில் நடப்பது இதுதான். மீன் வந்து சேரும் அன்றைக்கு ஒரு சின்ன டேங்கைக் கழுவி, புதிதாகக் கலக்கிய உப்புநீரை ஊற்றி, புது ஸ்பான்ஜ் ஃபில்டரை மாட்டுவார்கள். அந்த ஸ்பான்ஜில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா எதுவும் குடியேறியிருக்காது. மீனோ செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதோடு சேரும். கடல் நீரின் பிஹெச் 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியா நச்சாக இருக்கும் பங்கும் கூடுதல். ஓரிரு நாளில் மீன் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், மூலையில் ஒதுங்கும், தீனியைத் தொடாது. நோய்தான் வந்துவிட்டது என்று பயந்து மருந்தை ஊற்றுவார்கள். ஏற்கெனவே திணறும் மீன் அதைத் தாங்காது.

இதற்கு மாற்று வழி எளிது, பொறுமைதான் வேண்டும். மீன் வாங்கக் குறைந்தது 4 வாரம் முன்பே ஸ்பான்ஜை மெயின் டேங்கின் சம்பில் (டேங்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில்), தண்ணீர் ஓடும் இடத்தில் போட்டுவையுங்கள். மீன் வரும் நாளில் அதை எடுத்து ஏர் பம்புடன் இணைத்தால், பாக்டீரியா குடியேறிய ஃபில்டர் கையில் இருக்கிறது. மெயின் டேங்க் இன்னும் அமைக்கவில்லை என்றால், பாட்டில் பாக்டீரியாவும் அதற்குத் தீனியாகக் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடும் விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கும்வரை டெஸ்ட் செய்து காத்திருங்கள். அதற்குப் பிறகு மீன் வாங்கலாம்.

மற்ற சாமான்கள் சாதாரணமானவை. சின்ன மீன்களுக்கு 40 முதல் 80 லிட்டர் டேங்க் போதும். ஹீட்டர், தெர்மாமீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். மூடி கட்டாயம், மிரண்ட மீன் குதித்துவிடும். மணலும் லைவ் ராக்கும் (உயிரினங்கள் குடியேறிய பாறை) வேண்டாம், ஒட்டுண்ணிக்கு மருந்தாகப் போடும் காப்பரை (செம்பு) அவை உறிஞ்சிவிடும். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் மீன் வகைகளுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் மணல் வையுங்கள். வலை, வாளி, சைஃபன் குழாய் எல்லாம் இந்த டேங்குக்கென்று தனியாக இருக்கட்டும்.

சரி, "நேரா விட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு வருவோம். வெள்ளைப் புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி தெரிந்தால் இந்தத் தைரியம் வராது. மீனின் தோலிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் தின்றுவிட்டு அது தானாகவே உதிர்ந்துவிடும். புள்ளி மறைந்ததும் மீன் தேறிவிட்டது என்று நாம் நிம்மதி அடைவோம். அதுவோ மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிந்துகொண்டிருக்கும். மருந்து அந்தக் கூட்டுக்குள் போகாது. சில வாரம் கழித்துக்கூடக் கூடு உடைந்து, குட்டிகள் நீந்தி வந்து அடுத்த மீனைத் தேடும். செவுளில் மட்டும் கொஞ்சமாக ஒட்டியிருந்தால் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, இன்னொரு புது மீன் வந்து சண்டையும் பதற்றமும் கூடும்போது கிளம்பும்.

மெயின் டேங்கில் பவளம் இருந்தால் அங்கே காப்பர் போடவே முடியாது. பவளம், இறால், நத்தை எதற்கும் காப்பர் ஆகாது. அதனால் அங்கே நோய் வந்துவிட்டால் பாறைகளைக் கலைத்து ஒவ்வொரு மீனையும் பிடித்து வேறிடத்தில் சிகிச்சை கொடுக்க வேண்டும். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாகும்வரை மெயின் டேங்கை மீனே இல்லாமல் காலியாக விட வேண்டும். பலரும் பரிந்துரைப்பது 76 நாள். ஒரே ஒரு மீனைத் தனியாக வைக்கச் சோம்பல்பட்டதற்கு இது மிகப் பெரிய விலை. இன்னொரு ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோய் இதைவிட மோசம். அது பெரும்பாலும் செவுளைத்தான் முதலில் பிடிக்கும், உடலில் மாவு தூவியதுபோலத் தெரிவதற்குள்ளேயே மீன் போய்விடலாம். மற்ற மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் மீனை வாங்கி விட்டால் இதையெல்லாம் தின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புதைந்திருப்பதை அதனால் எடுக்க முடியாது.

மீன் வந்த நாளில் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட நேரம் பயணம் செய்த பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் அதில் உள்ள அம்மோனியா அவ்வளவாக நச்சில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் பிஹெச் ஏறி, அதே அம்மோனியா மீனைச் சுடும். விற்பவரிடம் உப்பின் அளவை முன்பே கேட்டு, குவாரன்டைன் டேங்கை அதே அளவில் வைத்திருங்கள். மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மீனை மட்டும் மாற்றுங்கள். உப்பைப் பிறகு நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில் என் நிலைப்பாடு: வெல்வெட் அறிகுறி தெரியாதவரை, மீன் முதலில் சாப்பிடட்டும். இந்த மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. வலை, பல கைமாற்றம், நாள்கணக்கில் பட்டினி என்று எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கின்றன. மெயின் டேங்கில் விட்டால் அங்கே ஏற்கெனவே இடம்பிடித்த மீன்கள் துரத்தும். யாரும் துரத்தாமல், யாரோடும் போட்டி போடாமல் மைசிஸ் இறால் தின்ன அதற்குக் கிடைக்கும் முதல் இடம் இந்தத் தனி டேங்க்தான். குவாரன்டைனை மெயின் டேங்கின் காவலாக மட்டும் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை, புது மீனுக்கும் அது தேவை.

காப்பர் போடுவதானால் டெஸ்ட் கிட் இல்லாமல் தொடவே வேண்டாம். அயனி வடிவக் காப்பருக்கு 0.2 பிபிஎம் அளவில் போதும், கீலேட் செய்ததற்கு (வேறு சேர்மத்தோடு பிணைத்த காப்பருக்கு) 2 முதல் 2.5 பிபிஎம் வேண்டும். குப்பியைப் படிக்காமல் ஊற்றினால் பத்து மடங்கு பிசகும். சில நாள்களில் மெல்ல ஏற்றி, 30 நாள் குறையாமல் பிடித்துவையுங்கள். இன்னொன்று, அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைக் காப்பரோடு கலக்காதீர்கள். அவற்றில் பல காப்பரை இன்னும் நச்சாக்கும். தயாரான ஃபில்டர் இருந்தால் அந்தத் திரவம் தேவையே படாது. செவுள் புழுக்களுக்குப் பிராசிகுவான்டல் என்ற மருந்தைக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறையும் கொடுங்கள், முட்டைகள் முதல் மருந்தில் சாகாது.

"இடமில்லை" என்பவர்களுக்கு: இந்த டேங்க் வருடம் முழுக்க ஓட வேண்டியதில்லை. 4 முதல் 6 வாரம் முடிந்து மீன் மெயின் டேங்குக்குப் போனதும் எல்லாவற்றையும் ப்ளீச்சில் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்துவிடலாம். பழைய ஸ்பான்ஜைச் சம்புக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள், அங்கே புது ஸ்பான்ஜ் ஒன்றைப் போட்டுவையுங்கள்.