மீன் தொட்டியில் தினமும் சமையல் சோடா போடாதீர்கள்

செடி வளர்க்கும் மீன் தொட்டியில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) சரியாக 7 இருக்க வேண்டும், குறைந்தால் தினமும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பகலில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும், இரவில் மீனும் செடியும் விடும் அதே வாயு நீரில் கரைந்து அமிலமாகி அதை இறக்கும். என் தொட்டியில் விளக்கு போடும் முன் 6.6, சாயங்காலம் இலைகளில் குமிழி ஒட்டியிருக்கும் நேரத்தில் 7.2. மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் காலையில் அளந்துவிட்டு பயந்துபோய் சோடாவைக் கொட்டினால் பிஎச் சட்டென ஏறும், அப்போது நீரில் அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் கிடந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நச்சான அம்மோனியாவாகிவிடும். மீனுக்கு ஆபத்து அதில்தான்.

பார்க்க வேண்டியது கேஎச், அதாவது பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட் அளவு. சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, கேஎச் சோதனை மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு நீலம் மஞ்சளாகும் வரை எண்ணுங்கள், பொதுவாக ஒரு சொட்டு ஒரு டிகிரி கேஎச். வெறும் ஆர்ஓ தண்ணீர் (உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) ஊற்றுபவர்களுக்கு முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிடும், சிக்கல் அங்கேதான். 3, 4 டிகிரி பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து ஊற்றுங்கள், இல்லையென்றால் நொறுக்கிய சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள், அது மெதுவாகக் கரையும்.