அவரைத் தூக்கியதற்கு ஏன் கைதட்டினோம்?

ஞாயிற்றுக்கிழமை நம் விழாவில் எடுத்த புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாம் அழைத்த விருந்தினரை நான்கு இளைஞர்கள் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையேற்றுகிறார்கள்; கீழே "மனிதநேயம் வாழ்கிறது" என்று வரிசையாகக் கருத்துகள். அதில் அவருடைய வலது கையைப் பாருங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடும் உள்ளாட்சி உறுப்பினர் என்றுதானே அவரைத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு அழைத்தோம்? அவர் ஏறிவர ஒரு சாய்தளம் வைக்க நமக்குத் தோன்றவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, இறக்கிவிட ஆளில்லாமல் அவர் மேடையிலேயே காத்திருந்தார். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

உதவிய பிள்ளைகளைப் புண்படுத்தாதீர்கள் என்று ஒரு நண்பர் எழுதினார். பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் சக்கர நாற்காலியில் வருவார் என்று மூன்று வாரம் முன்பே தெரிந்திருந்த பெரியவர்களிடம்தான் கேட்கிறேன். பழைய அரங்கம், இடமில்லை என்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் மூன்றடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அங்கே அவ்வளவு இடமில்லைதான். அப்படியானால் தலைவர் முதல் எல்லோரும் கீழேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கலாமே. அதற்கு என்ன செலவு?

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இதே தில்லியில் ஓர் அலுவலகத்தில், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக இரண்டாம் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. காவலாளி ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு படியேறினார். புடவை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. நடப்பதற்காகக் காலில் கட்டியிருந்த காலிப்பரின் தோல்வார் தெரிந்தது. படியில் நின்றவர்கள் பார்த்தார்கள். இரண்டு கைகளாலும் அவர் தோளைப் பிடித்திருந்ததால் புடவையை என்னால் இழுத்துவிட முடியவில்லை. மேலே போனதும் அவருக்கு நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? தூக்கப்படுகிறவர் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நன்றியைத்தான் நீங்கள் அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

"எதற்கெடுத்தாலும் சட்டமா, மனசுதானே முக்கியம்?" என்றும் கேட்கிறார்கள். எங்களுக்கு முதலில் சட்டம்தான். சட்டம் இயற்றும் இடத்துக்கும் நாங்கள் புதியவர்கள் அல்ல; பார்வையற்ற சாதன் குப்தா 1953-இலேயே இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குள் நுழைந்தார். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதானாலும் நாங்கள் உள்ளே வர வழி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதன் விதிகள் வந்த 2017-இலிருந்து பழைய கட்டடங்களுக்குக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசமும் 2022-இல் முடிந்துவிட்டது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. அப்படி மன்றத்துக்குப் போகிறவரை வாசற்படியில் நான்கு பேர் தூக்கினால், உள்ளே அந்த நால்வரையும் எதிர்த்து அவர் எப்படிப் பேசுவார்?

பொங்கல் விழாவுக்கு அரங்கம் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முன்பணம் கட்டுவதற்கு முன் வாசலில் எத்தனை படி, மேடைக்கு எத்தனை படி, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று அளந்து எனக்கு அனுப்புங்கள். தூக்கிக்கொள்கிறோம், வாருங்கள் என்றால் நான் வரமாட்டேன்.