ரீசேர்ட்டைப் பாழாக்காதேங்கோ!

பழைய ரீசேர்ட்டில் போர்வை தைக்கிறவர்கள் எல்லாரும் விடுகிற அதே பிழை: விரித்த கையோடு 12 அங்குலச் சதுரமாக வெட்டுவது! பின்னல் துணி அது, குறுக்கே இழுபடும். வெட்டின விளிம்பு காய்ந்த வெற்றிலை மாதிரிச் சுருளும். அதுவும் திருகோணமலையில், கச்சான் காற்று வீசுகிற ஆடியில், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு!

முதலில் 15 அங்குலத்துக்குப் பருமட்டாக வெட்டுங்கோ. கொலருக்கு வைக்கிற ஒட்டுக் கன்வசில் மெல்லிசானதை உள்பக்கம் வைத்து, அயன்பெட்டியை அமர்த்தி அமர்த்தி எடுங்கோ. தேய்த்தால் சதுரம் கோணும். அச்சுப் படத்தில் நேரே சூடு பட்டால் மை உருகி அயன்பெட்டியில் அப்பிவிடும். ஆறின பிறகுதான் 13 அங்குலத்துக்குச் சரியாக வெட்டவேணும்; சுற்றிவர அரை அங்குலத் தையல் போக 12 நிற்கும்.

கன்வசுக் காசை மிச்சம்பிடிக்கப் போய், பிள்ளையின் இல்ல விளையாட்டுப்போட்டி ரீசேர்ட்டைக் கோணலாக்கி வைத்திருப்பதைப் பார்க்க வயிறு எரியுது.