ரெக்கார்டு எழுதவா, படிக்கவா?

நேற்று சாயங்காலம் எங்கள் முதல் வருட இன்ஜினியரிங் கிளாஸ் குரூப்பில் ஒரு மெசேஜ். பிசிக்ஸ் ரெக்கார்டும் பைத்தான் ரெக்கார்டும் இன்று காலை முதல் பீரியடுக்குள் மேஜைக்கு வந்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் இன்டர்னல் டெஸ்ட் எழுத விடமாட்டார்களாம். என்ன இன்டர்னல்? மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். படிக்க மிச்சம் இருந்ததே அந்த ஒரு ராத்திரிதான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சரி என்று உட்கார்ந்தேன். ரெக்கார்டு நோட்டின் வலது பக்கத்தில் பேனாவால் எழுத வேண்டும், இடது பக்கத்தில் பென்சிலால். டார்ஷனல் பெண்டுலம் படம், அதற்கு அட்டவணை, அப்புறம் கால்குலேஷன். எல்லாமே லேபில் செய்யும்போதே எழுதும் அப்சர்வேஷன் நோட்டில் ஏற்கெனவே எழுதிக் கையெழுத்து வாங்கியது. அதையே ஒரு எழுத்து மாறாமல் இன்னொரு நோட்டில் எழுத வேண்டும். அது முடிந்தால் பைத்தான். லேபில் டைப் செய்து, ஓடவிட்டு, அவுட்புட்டும் காட்டியாகிவிட்ட ப்ரோக்ராமைக் கையால் எழுத வேண்டும்! பைத்தானில் ஒரு வரி கொஞ்சம் உள்ளே தள்ளிப்போனாலே ப்ரோக்ராமின் அர்த்தம் மாறிவிடும். அதைக் கோடு போட்ட தாளில் நடு ராத்திரியில் எழுதி யார் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

காலையில் கொண்டுபோய் நீட்டினேன். ஆசிரியர் முதல் பக்கத்தைத் திருப்பியதோடு சரி. "இன்டெக்ஸ்ல தேதி இல்ல. மார்ஜின் ஏன் பேனால போட்டிருக்க? திருப்பி எழுதிட்டு வா." அவ்வளவுதான். உள்ளே நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட யாரும் படிக்கவில்லை. யாரும் படிக்காத ஒன்றுக்கு என் ராத்திரி முழுக்கப் போனது. அடுத்த பீரியடில் கேள்வித்தாளைத் திறந்தால், மேட்ரிசஸில் ஒரே ஐகன் மதிப்பு இரண்டு முறை வரும் கணக்கு 13 மார்க்குக்கு நிற்கிறது. ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எடுத்து வைத்திருந்த அதே கணக்கு.

"ப்ளஸ் டூ மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படி, காலேஜ் போயிட்டா ஜாலிதான்" என்று சொன்ன ஒவ்வொருவரையும் இங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். பள்ளியில் புக் பேக் கேள்வியை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், ரிவிஷன் டெஸ்ட் மேல் டெஸ்டாக வைத்தார்கள். 90 மார்க் கணக்குப் பேப்பரில் 20 மார்க் ஒன் வேர்டிலேயே வந்துவிடும். இங்கே ஒன் வேர்டே கிடையாது. செமஸ்டர் பேப்பரில் பத்து 2 மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். புரிந்தால்தான் எழுத முடியும். அது நல்லதுதான், நானும் புரிந்து படிக்கத்தான் வந்தேன். ஆனால் மனப்பாடத்தை விட்டுப் புரிந்து படிக்கப் பழக நேரம் வேண்டாமா? கவுன்சிலிங் முடிந்து நாங்கள் உள்ளே வருவதற்குள் சீனியர்களுக்குப் பாதிப் பாடம் ஓடிவிடுகிறது. எங்களுக்கும் அதே ஐந்து யூனிட்தான், அதில் ஒரு வரி குறையாது.

என் பெஞ்சில் இருப்பவன் தமிழ் மீடியம். ப்ளஸ் டூ கணக்கில் எங்கள் எல்லோரையும்விட அதிக மார்க். இங்கே ஒரு பத்தியை மூன்று தடவை வாசித்த பிறகுதான் அவனால் கணக்குக்குள் போக முடிகிறது. அவனுக்கும் இதே ரெக்கார்டு, இதே ஒரு ராத்திரி. இதில் "பேசிக்கே சரியில்ல" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனை நிற்க வைத்தார்கள். அவனைச் சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? அவனுக்குப் பாடம் புரியும்படி தனியாக ஒரு மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா?

ப்ரோக்ராமை பிரிண்ட் எடுத்து ஒட்டினால் என்ன கெட்டுவிடும்? அப்சர்வேஷனையே திருத்தி மார்க் போட்டால் என்ன? கேட்க ஆள் இல்லை. நூற்றுக்குத் தியரியில் 40 மார்க், லேபில் 60 மார்க் இன்டர்னலாக அவர்கள் கையில் இருக்கும்போது எவன் வாயைத் திறப்பான்?

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் குளிக்கப் போகலாம் என்றால் ஹாஸ்டல் மூன்றாவது மாடியில் காலை ஏழு மணிக்கே தண்ணீர் நின்றுவிடுகிறது. வருடம் முழுவதற்கும் சேர்த்து ஹாஸ்டல் ஃபீஸை முன்கூட்டியே வாங்கினீர்களே, ஒரு மோட்டாரை நேரத்துக்குப் போடக்கூடவா முடியாது?