எந்தத் துறை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசின் சேவை இணையதளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். இரவு எட்டு மணிக்கு எழுந்தபோது என் கையில் ஒரு விண்ணப்ப எண்கூட இல்லை. பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு மென்பொருளிலேயே வேலை பார்ப்பவன் நான். கணினி எனக்குப் புதிதன்று, படிவங்களும் புதிதல்ல. எனக்கே ஒரு பகல் முழுவதும் வீணாயிற்று என்றால், வயலில் வேலை பார்த்துவிட்டு வந்து கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறக்கிறவர் என்ன பாடு படுவார் என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

முதல் பக்கத்தைத் திறந்ததும் படங்கள் ஓடுகின்றன, அறிவிப்புகள் ஓடுகின்றன, திட்டத் தொடக்க விழாக்களின் செய்திகள் ஓடுகின்றன. நான் தேடி வந்தது மட்டும் கண்ணில் படவில்லை. ஒருவழியாக ‘சேவைகள்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து அழுத்தினால், துறைகளின் பட்டியல் ஒன்று வருகிறது. வருவாய், உணவு வழங்கல், சமூக நலம், உள்ளாட்சி என்று அரசு தன்னை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறதோ அதே வரிசையில் நம்மையும் நிற்கச் சொல்கிறது அந்தப் பக்கம். இறப்பைப் பதிவு செய்வது ஓரிடம், வாரிசுச் சான்றிதழ் தருவது வருவாய்த் துறை, குடும்ப அட்டையில் பெயர் நீக்குவது வேறொரு துறை, மின் இணைப்பின் பெயரை மாற்றுவது மின்வாரியம், வீட்டு வரி உள்ளாட்சி அமைப்பு என்பதெல்லாம் தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்து, அம்மாவின் பெயரில் வங்கி வைப்புத் தொகையை மாற்ற வேண்டும் என்று வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அப்பா இறந்துவிட்டார், வங்கியில் நியமனதாரர் பெயர் பதிவாகவில்லை, அதனால் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

தேடல் பெட்டியில் ‘வாரிசு’ என்று தமிழில் தட்டச்சு செய்தேன். எதுவும் கிடைக்கவில்லை என்றது. அதையே ஆங்கிலத்தில் தேடியபோது, சேவையின் பெயருக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகளும் மூன்று இலக்க எண்ணும் ஒட்டியிருந்த வரி ஒன்று வந்தது. தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று சட்டம் இயற்றப்பட்டது 1956இல். கணினியில் தமிழைக் கையாள ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்று அரசு ஆணை வந்தது 2010இல். இத்தனைக்கும் பிறகு, ‘வாரிசு’ என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் புரிந்துகொள்ளாத தளத்தை மக்களுக்கான தளம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? மேல் மூலையில் ‘தமிழ்’ என்று ஒரு பொத்தான் இருப்பது உண்மைதான். பாதிப் படிவம் நிரப்பிய பிறகு அதை அழுத்தினால், நிரப்பியதெல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறோம்; தலைப்புகள் தமிழாகின்றன, பிழைச் செய்திகள் அப்போதும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. எங்கே தவறு என்று சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம்தானே முதலில் தமிழில் இருந்திருக்க வேண்டும்?

அதற்கடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. விண்ணப்பதாரர் அம்மா. இந்தத் தளத்தில் விண்ணப்பிக்கத் தேவைப்படும் அவருடைய குடிமக்கள் கணக்கு எண் சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சான்றிதழுக்காகப் பதிவு செய்யப்பட்டது. அதில் கொடுக்கப்பட்டிருந்த கைப்பேசி எண் அப்பாவுடையது. நம் வீடுகளில் வழக்கமே அதுதான். எரிவாயு, குடும்ப அட்டை, வங்கி, மின்கட்டணம் என எல்லாவற்றுக்கும் குடும்பத் தலைவரின் எண்ணைத்தான் கொடுப்போம். ஓடிபி அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தபோது, அப்பாவின் கைப்பேசி அவருடைய மூக்குக் கண்ணாடியோடு பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. அம்மா அதை எடுத்துவந்து சார்ஜில் போட்டார். அது உயிர்பெற்றுச் செய்தி வந்து சேர்வதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டேன், இந்த முறை என் பக்கத்தின் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிட்டது. மூன்றாம் முறை, அப்பாவின் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு என் அருகில் நின்று அம்மா ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். நான்காம் எண்ணுக்குப் பிறகு அவரால் வாசிக்க முடியவில்லை. பதிவு செய்த எண்ணுக்குரியவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, இறப்புக்குப் பிந்தைய சான்றிதழ் வழங்கும் ஒரு தளத்தை உருவாக்கியவர்கள் ஒருவருக்குமா தோன்றவில்லை? அந்தத் தளம் முழுவதும் தேடினேன், அதற்கு ஒரு வரி விளக்கம் இல்லை.

படிவத்துக்குள் நுழைந்த பிறகு பெயரில் சிக்கல். நமக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால், குடும்ப அட்டையில் முன்னால், இறப்புச் சான்றிதழில் முன்னெழுத்தே இல்லை. எதைப் பார்த்து எழுத வேண்டும் என்று படிவம் சொல்லவில்லை. ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவரும் என்று மட்டும் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெயரை எழுதினால் பக்கத்துக் கட்டத்தில் தமிழ் தானாக வந்து விழுகிறது, அதுவும் பிழையாக. ‘சண்முகம்’ ‘ஷன்முகம்’ ஆகிறது. அதைத் திருத்த அம்புக்குறியை நகர்த்தினால் எழுத்துகள் குதிக்கின்றன.

ஊர்ப் பெயரிலும் இதே தொல்லைதான். எங்கள் ஊர்ப் பெயர் ‘கீழ’ என்று தொடங்குவது. பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கிறது. ‘கீழ’ என்பதை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதலாம், அந்த ஐந்தும் அதே பட்டியலில் வெவ்வேறு ஊர்களுக்கு இருக்கின்றன. போதாததற்கு எங்கள் பகுதி 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டமானது. அப்பாவின் பழைய ஆவணங்கள் எல்லாவற்றிலும் பழைய மாவட்டம், சாவு பதிவானது புதிய மாவட்டத்தில். நிரந்தர முகவரிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? மாவட்டத்தைப் பிரித்த அரசுக்கு, பிரிந்த மாவட்டத்து மக்கள் இந்தக் கேள்வியோடு வருவார்கள் என்று தெரியாதா?

பிறகு பதிவேற்றம். ஆவணம் 200 கேபிக்கு மேல் இருக்கக் கூடாது என்றது தளம். நான் பதிவேற்ற வேண்டியிருந்தது இறப்புச் சான்றிதழ். அதை மின்னணுக் கையொப்பத்தோடு எனக்குக் கொடுத்ததே இன்னோர் அரசுத் தளம். அந்தக் கோப்பின் அளவு 200 கேபியைத் தாண்டியிருந்தது! அரசு தந்த காகிதத்தை அரசே வாங்க மறுக்கிறது. இணையத்தில் ஏதோ ஒரு தனியார் தளத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழை ஏற்றிச் சுருக்கினேன். அது சரிதானா, அந்தத் தளம் அதை என்ன செய்யும் என்று தெரியாமலேதான் செய்தேன். வேறு வழி இல்லை. சுருக்கியதில் க்யூஆர் குறியீடு மங்கிப்போனது. உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பதற்கென்று அச்சிடப்பட்டதே அந்தக் குறியீடுதான்.

அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டே வந்துவிட்டது. 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று நம்மிடம் சொல்கிறார்கள், நாமும் பதிகிறோம். பதிவு எண் அரசிடம் இருக்கிறது, ஆதார் எண் அரசிடம் இருக்கிறது, குடும்ப அட்டையில் யார் யார் உறுப்பினர் என்பது அரசிடம் இருக்கிறது. இவை அத்தனையையும் மீண்டும் நகலெடுத்து, சுருக்கி, ஏற்றி நாமே ஏன் சுமந்து திரிய வேண்டும்? பிரிட்டனில் ஒரு சாவை ஒருமுறை தெரிவித்தால் பெரும்பாலான அரசுத் துறைகளுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. இங்கே ‘குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால்’ என்று ஒரே ஒரு பக்கம் வைத்து, இறப்புச் சான்றிதழில் தொடங்கிப் பட்டா மாற்றம் வரை எந்தெந்த வரிசையில், எந்தெந்த ஆவணத்தோடு, எங்கே போக வேண்டும் என்று எளிய தமிழில் எழுதி வைப்பதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவண் அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 2009இலேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அம்மாவின் ஒரு கண்ணில் புரை. உள்ளே வருவது மனிதர்தானா என்று சோதிக்க, வளைந்து நெளிந்து கோடு விழுந்த நிலையில் காட்டும் அந்தக் கேப்ட்சா எழுத்துகளை நானே இரண்டு முறை தவறாகப் படித்தேன், அவர் எப்படிப் படிப்பார்?

மறுநாள் பேருந்து ஏறி இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் துறைப் பட்டியலுக்குள்ளேயே போகவில்லை. சேவையின் எண்ணை மனப்பாடமாகத் தட்டினார், ஆவணங்களைச் சரியான அளவில் வருடியெடுத்தார், எந்த முகவரியை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று கேட்காமலேயே எழுதினார். கட்டணம் 60 ரூபாய். பதினைந்து நிமிடத்தில் ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் மீது எனக்கு நன்றி உண்டு. ஆனால் என் கோபம் கூடியதும் அங்கேதான். உள்ளே இருப்பவர்களின் எண்ணும் குறியும் தெரிந்தவருக்குப் பதினைந்து நிமிடம்; தெரியாதவனுக்கு ஒரு முழுப் பகல். முன்பு தாலுகா அலுவலக வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரைத் தேடிப் போனோம், இடைத்தரகர் இல்லாமல் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லித்தானே இந்தத் தளத்தைக் கொண்டுவந்தார்கள்?

விண்ணப்பம் இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறதா, வருவாய் ஆய்வாளரிடம் போய்விட்டதா, வட்டாட்சியரின் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறதா என்று தெரியவில்லை. நிலையைப் பார்க்கும் பக்கத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டு சொற்கள்தான் நாள்தோறும் வருகின்றன. இது முடிந்தால் பட்டா, குடும்ப அட்டை, மின் இணைப்பு, எரிவாயு என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அப்பாவின் எண்ணில்தான் இருக்கிறது. அந்த எண் துண்டிக்கப்பட்டுவிடக் கூடாது என்று நேற்று அதற்கு மூன்று மாதத்துக்கு ரீசார்ஜ் செய்தேன். எப்போது எந்த ஓடிபி வருமோ என்று, அம்மா அந்தக் கைப்பேசியை இரவுதோறும் மறக்காமல் சார்ஜில் போடுகிறார்.