ஓரத்திலிருந்து ஆடினால் பயந்தாங்கொள்ளியா?

"குதிரையை ஏன்டா மொதல்ல எடுக்குற? ராஜா முன்னாடி நிக்கிற சிப்பாயத் தள்ளு!" சமூக மன்றத்துச் சதுரங்கப் போட்டிகளில் நம்ம அப்பாக்கள் பிள்ளைகளுக்கு ஓதுகிற வேதம் இதுதான். நடுச் சிப்பாய்களை முதலில் தள்ளாமல், இங்கிலீஷ், ரேட்டி என்கிற தொடக்க முறைகளில் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாலே 'டிராவுக்கு ஆடுறான்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

2024 டிசம்பரில் நம்ம சிங்கப்பூர் செந்தோசாவில் சீனாவின் டிங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனதை தேக்கா கோப்பிக் கடை வரைக்கும் பேசித் தீர்த்தோம். கடைசி நான்கு ஆட்டங்களில் வெற்றி தோல்வி கண்டவை மூன்று. மூன்றுமே ஓரத்தில் தொடங்கியவை! எல்லாரும் பட்டத்தை முடிவு செய்த 14ஆவது ஆட்டத்தையே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் 11ஆவதுதான்.

அதில் குகேஷ் ஆடியது குதிரை எஃப்3, சிப்பாய் சி4, மூன்றாவதாக சிப்பாய் பி4 (எழுத்தும் எண்ணும் போர்டில் கட்டத்தின் பெயர்). 1924இல் நியூயார்க்கில், எட்டு வருடம் தோல்வியே காணாத அன்றைய உலக சாம்பியன் கபபிளாங்காவை ரேட்டி சாய்த்தாரே, அவருடைய முதல் மூன்று நகர்வுகளும் இவையேதான். நூறு வருடம் கழித்து இங்கே டிங் லிரென் நாலாவது நகர்வுக்கே அரை மணிக்கு மேல் யோசித்தார். பதிலுக்கு குகேஷும் 11ஆவது நகர்வில் ஒரு மணி நேரம் போலக் கரைத்தார். முதல் 40 நகர்வுக்கு ஆளுக்கு இரண்டே மணி நேரம், கூடுதல் விநாடியும் கிடையாது. இதுவா பயந்தாங்கொள்ளி ஆட்டம்?

25ஆவது நகர்வைப் பாருங்கள். சி2இல் நின்ற குதிரையை ஏ1 மூலைக்கு அனுப்பினார் குகேஷ். நம்ம பிள்ளை ஆடியிருந்தால் தலையில் குட்டியிருப்போம். அந்தக் குதிரை பி3 வழியாக சி5க்கு வந்து டிங்கின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. நெருக்கடியில் டிங் ராணியை சி8க்கு இழுக்க, குகேஷ் தன் ராணியாலேயே சி6 குதிரையை வெட்டினார். திருப்பி வெட்டினால் பி வரிசையில் குகேஷின் இரண்டு யானைகளும் உள்ளே இறங்கிவிடும். டிங் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

ஓரத்திலிருந்து ஆடுவதற்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தது சில வகுப்புகள்தான். எதிராளி என்ன ஆடினாலும் சி4, ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரமாகப் பத்திரப்படுத்துவது) என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்கிறார்கள். அதுக்கப்புறம் பிள்ளை பேந்தப் பேந்த முழிக்கிறது. பழி மட்டும் ஓப்பனிங் எனும் தொடக்க முறை மேல். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லிக்கொடுப்பதைவிட சும்மா இருக்கலாம்.

அந்த 11ஆவது ஆட்டத்தை வீட்டில் போர்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குதிரை மூலைக்குப் போவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்து அது எங்கே போகும் என்று கேளுங்கள். என் மகள் அது போகக்கூடிய கட்டத்தையெல்லாம் தொட்டுக் காட்டினாள், ஏ1ஐத் தவிர.